ஈயத்தில் வெந்த பிரபு, பட்டினியில் மாண்ட தளபதி: ஹெர்மிட்டேஜ் கோட்டையின் இரண்டு மரணங்கள்

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி, லிடெஸ்டேல் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதில் வந்து கலக்கும் ஹெர்மிட்டேஜ் என்ற சிற்றாற்றின் கரையில் அதே பெயரில் ஒரு கோட்டை நிற்கிறது. பக்கத்தில் ஊர் கிடையாது. ஐந்து மைல் தள்ளி நியூகாசில்டன் என்ற சிற்றூர் உண்டு. அதுவும் 1793இல் உருவானதுதான். கோட்டையைச் சுற்றிப் புல்மேடுகளும் சதுப்பும் ஆடுகளும் மட்டுமே. வெளியே நின்று பார்ப்பவருக்கு இது பாழடைந்த கோட்டை என்றே தோன்றாது. சுவர்கள் முழு உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கின்றன, சன்னல்கள் மிகச் சிறியவை, அவையும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். வாசலைத் தாண்டி உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால்தான் கூரையும் இல்லை, தளங்களும் இல்லை, இது வெறுங்கூடு என்று புரியும்.

ஹெர்மிட்டேஜ் என்றால் துறவியின் இருப்பிடம். ஆனால் அந்த வட்டாரத்து மக்கள் இந்தக் கட்டடத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததில் துறவுக்கும் அமைதிக்கும் இடமே இல்லை. உள்ளே நடந்த பாவங்களின் பாரம் தாங்காமல் கோட்டையின் ஒரு பகுதி பூமிக்குள் இறங்கிவிட்டது என்று நம்பினார்கள். 200 ஆண்டுகளுக்கு முன் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் இந்த நம்பிக்கையைக் குறித்துவைத்தபோது, ஊர்மக்கள் அந்த இடிபாட்டை அப்போதும் அச்சத்தோடும் வெறுப்போடும்தான் பார்த்தார்கள் என்றும் எழுதினார்.

இந்தக் கோட்டையோடு சேர்த்துப் பேசப்படும் மரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று கதையில் நடந்தது, இன்னொன்று உண்மையில் நடந்தது. கதையில் நடந்த மரணம் உலகறிந்தது. உண்மையில் நடந்ததோ வரலாறு படிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தக் கதை ஏன் பிறந்திருக்கும் என்பது கொஞ்சம் விளங்குகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கெட்ட சூலிஸ்

முதலில் கதை. ஹெர்மிட்டேஜின் தலைவன் சூலிஸ் பிரபு. மக்கள் வாயில் அவன் 'கெட்ட சூலிஸ்'. மந்திர தந்திரம் கற்றவன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் அவர்களின் இரத்தத்தைத் தன் பூசைகளுக்குப் பயன்படுத்துவான். ராபின் ரெட்கேப் என்ற குட்டிச்சாத்தான் அவனுக்கு ஏவல். ரெட்கேப் என்றால் சிவப்புத் தொப்பி. எல்லைநாட்டுக் கதைகளில் பாழ்கோட்டைகளில் குடியிருக்கும் ஒரு பேய்வகை அது. தொப்பியின் சிவப்பு, மனித இரத்தத்தில் தோய்த்துத் தோய்த்து ஏறிய சிவப்பு. மூன்று துருப்பிடித்த பூட்டுகள் போட்ட இரும்புப் பெட்டியில் சூலிஸ் அதை அடைத்துவைத்திருந்தான். பெட்டியைத் தட்டினால் அது பேசும். அது அவனுக்கு ஒரு வரம் கொடுத்திருந்தது: எஃகு அவன் உடம்பில் பாயாது, கயிறு அவனைக் கட்டாது, மணலால் திரித்த மூன்று கயிறுகளாக இருந்தாலொழிய.

வானத்தை வில்லாக வளைப்பேன், மணலைக் கயிறாகத் திரிப்பேன் என்று நம்மூரில் வீம்பு பேசுபவனைச் சொல்வோம். அங்கே அதையே ஒரு மந்திரக் காப்பாக வைத்திருக்கிறார்கள். நடக்காது என்று தெரிந்த ஒன்றின் மேல் தன் உயிரைப் பத்திரமாக வைத்துவிட்டான் சூலிஸ்.

அவனுடைய கொடுமைகளைப் பொறுக்காத மக்கள் அரசர் ராபர்ட் புரூஸிடம் ஓயாமல் முறையிட்டார்களாம். கேட்டுக் கேட்டுச் சலித்த அரசர் ஒருநாள் எரிச்சலில், "வேண்டுமானால் அவனை வேகவைத்துக்கொள்ளுங்கள், இனி அவன் பேச்சு என் காதில் விழக்கூடாது" என்றார். சொன்னது சொன்னபடி நடந்தது. கோட்டைக்கு வடகிழக்கே குன்றின்மேல் நைன்ஸ்டேன் ரிக் என்ற இடத்தில் வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே சூலிஸை இழுத்துப்போனார்கள். தீர்க்கதரிசி என்று பெயர்பெற்ற தாமஸ் தி ரைமர் ஆற்றுமணலைச் சலித்துக் கயிறு திரிக்கப் பார்த்தார். ரெட்கேப் கண்ணுக்குத் தெரியாமல் வந்து கெடுத்துவிட்டது. வாற்கோதுமை உமியைச் சேர்த்துப் பார்த்தார்கள், அப்போதும் திரியவில்லை. கடைசியில் அவனை ஈயத் தகட்டில் சுருட்டிக் கொதிக்கும் கொப்பரைக்குள் இறக்கினார்கள். ஈயமும் எலும்பும் ஒன்றாய் உருகின. கல்வட்டத்தில் உயரமாக நிற்கும் இரண்டு கற்கள்தான் அந்தக் கொப்பரை தொங்கிய கம்பியைத் தாங்கியவை என்று காட்டுவார்கள். பக்கத்து ஓடையில் மணல் வரிவரியாகப் படிந்து கிடக்கிறதே, அது தாமஸ் திரிக்க முடியாமல் போட்டுவிட்டுப் போன கயிறு.

இந்தக் கடைசி விவரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதைசொல்லிகள் மேல் பெரிய மதிப்பு வருகிறது. எந்த ஓடையிலும் மணல் வரிவரியாகத்தான் படியும். அந்தச் சாதாரணக் காட்சியையும் விடாமல் கதைக்குள் இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

ஆவணங்கள் சொல்லும் சூலிஸ்

இனி வரலாறு. டி சூலிஸ் குடும்பம் நிஜமானது. லிடெஸ்டேல் அவர்களுடைய உடைமை. ஸ்காட்லாந்து அரசரின் பானக அதிகாரி என்ற பரம்பரைப் பதவியும் அவர்களிடம் இருந்தது. 1240ஐ ஒட்டி நிக்கலஸ் டி சூலிஸ் இங்கே முதல் கோட்டையைக் கட்டினார். எல்லைக்கு இவ்வளவு அருகில் கோட்டை எழுந்ததை இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி சீண்டலாக எடுத்துக்கொண்டு 1244இல் படை திரட்டினார் என்கின்றன பழைய நாளாகமங்கள். இரண்டு தலைமுறை கழித்து, ஸ்காட்லாந்தின் அரியணை வாரிசின்றிக் காலியானபோது உரிமை கோரியவர்களில் இந்தக் குடும்பத்தின் இன்னொரு நிக்கலஸும் ஒருவர். அரச இரத்தம் தங்களுக்குள்ளும் ஓடுகிறது என்ற எண்ணம் அந்த வீட்டில் இருந்தது.

கதையின் சூலிஸாகச் சொல்லப்படுபவர் வில்லியம் டி சூலிஸ். 1314இல் பானக்பர்ன் போரில் புரூஸ் வெல்லும்வரை ஆங்கிலேயர் பக்கம் இருந்துவிட்டு, பிறகு இந்தப் பக்கம் வந்தவர். ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை அறிவித்து 1320 ஏப்ரலில் போப்பாண்டவருக்கு அனுப்பப்பட்ட புகழ்பெற்ற ஆர்ப்ரோத் சாசனத்தில் அவர் பெயரும் இருக்கிறது. அதே ஆண்டிலேயே புரூஸைக் கவிழ்க்கும் சதியில் அவர் பிடிபட்டார். தானே முடிசூடப் பார்த்தார் என்கிறது அந்த நூற்றாண்டின் காவியம். பழைய அரச குடும்பமான பேலியலின் மகனை அரியணையில் ஏற்றத்தான் திட்டம் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

1320 ஆகஸ்டில் ஸ்கோன் நகரில் கூடிய சபை இந்த வழக்கை விசாரித்தது. 'கருப்புப் பாராளுமன்றம்' என்று அதற்குப் பெயர் நிலைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் முன்பே இறந்துபோயிருந்தார். அவருடைய பிணத்தைக் கொண்டுவந்து வைத்து விசாரித்தார்கள். டேவிட் டி பிரேகின் என்ற வீரரின் குற்றம், சதி தெரிந்தும் வாய்திறக்காமல் இருந்தது. அதற்காக அவரை இழுத்துச்சென்று தூக்கிலிட்டுத் தலையை வெட்டினார்கள். ஆனால் சதியின் தலைவரென்று பெயர்பெற்ற சூலிஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் ஆயுள் சிறை மட்டுமே. டம்பார்ட்டன் கோட்டையில் கைதியாகவே அவர் இறந்தார். கொப்பரை இல்லை, ஈயம் இல்லை, நைன்ஸ்டேன் ரிக்கும் இல்லை.

காலக்கணக்கும் இடிக்கிறது. தாமஸ் தி ரைமர் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். 1320இல் மணல் கயிறு திரிக்க அவர் இருந்திருக்க வாய்ப்பில்லை. கட்டடமோ அதைவிடத் தெளிவாகக் கதையை மறுக்கிறது. சூலிஸ் குடும்பத்தின் கோட்டை பெரும்பாலும் மண்மேடும் மரமுமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இன்று நாம் பார்க்கும் கற்கோட்டையின் மிகப் பழைய பகுதியே 1360ஐ ஒட்டியது. சூலிஸ் இறந்து ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பிறகு! ரெட்கேப்பின் பெட்டி இருந்த அறை என்று எந்த அறையைக் காட்டினாலும், அந்த அறையில் சூலிஸ் காலடி வைத்ததே கிடையாது.

பிறகு எங்கிருந்து வந்தது இந்தக் கொப்பரை? ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் மேர்ன்ஸ் என்ற வட்டாரத்தில் அச்சு அசலாக இதே கதை இன்னொருவர் பெயரில் இருக்கிறது. அங்கே மெல்வில் என்ற ஷெரிஃபை, அதாவது வட்டார நீதி அதிகாரியைப் பற்றிப் புகார் கேட்டுச் சலித்த அரசர், அவனை வேகவைத்துச் சாறு குடித்தாலும் எனக்குக் கவலையில்லை என்கிறார். பிரபுக்கள் 1420ஐ ஒட்டி அப்படியே செய்து, சாற்றிலும் ஆளுக்கொரு வாய் குடிக்கிறார்கள். அரசரின் பெயராக அங்கே முதலாம் ஜேம்ஸைச் சொல்வதுண்டு. அவரோ 1424 வரை இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்தவர். சலித்துப்போன அரசர், வாய்தவறிய ஒரு சொல், அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் குடிகள், ஒரு கொப்பரை: இது ஊர்விட்டு ஊர் நடக்கும் கதை. கெட்ட பெயர் எடுத்த அதிகாரி எங்கே இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். சூலிஸ் குடும்பத்தில் ரானல்ஃப் என்ற மூதாதை ஒருவரை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய பணியாளர்களே கொன்றார்கள் என்ற செய்தியும் உண்டு. குடிகளின் கையால் செத்த சூலிஸ் என்ற மங்கிய நினைவு ஒன்று அங்கே மிச்சமிருந்து, இந்தக் கதையை வரவேற்று உட்காரவைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இன்று எல்லாரும் சொல்லும் வடிவத்தில் கதையை நிலைநிறுத்தியவர் ஜான் லேடன். பக்கத்து டெனம் கிராமத்தில் 1775இல் பிறந்தவர். வால்டர் ஸ்காட் 1802இல் தொடங்கி வெளியிட்ட எல்லைநாட்டுக் கதைப்பாடல் தொகுப்புக்கு வலக்கையாக இருந்தார். ஒரு பழம்பாடலின் விடுபட்ட பகுதி தெரிந்த கிழவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, நாற்பது மைலுக்கும் மேல் நடந்தே போய்க் கேட்டு, பாடிக்கொண்டே திரும்பியவர் என்று ஸ்காட்டின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. சூலிஸ் பிரபு பற்றிய நீண்ட பாடலை அந்தத் தொகுப்புக்காக லேடனே எழுதினார். வாய்மொழிக் கதைகளை எடுத்துத் தன் கற்பனையையும் சேர்த்துப் பின்னியது அது. எது மக்கள் சொன்னது, எது லேடன் சேர்த்தது என்று இன்று முழுதாகப் பிரிக்க வழியில்லை. இதே லேடன்தான் 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னையில் வந்து இறங்கினார். மைசூர் நில அளவைக் குழுவோடு சுற்றினார், கண்ணில்பட்ட மொழியையெல்லாம் கற்றார், 1811இல் ஜாவாவில் காய்ச்சலில் இறந்தார். வயது 35. ஈயக் கொப்பரையைப் பாடிய மனிதர் சென்னைத் தெருக்களில் நடந்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

லேடன் பாடிய இன்னொரு கதை கீல்டரின் கௌட். 'கௌட்' என்றால் ஆண் குதிரைக்குட்டி. உடல் வலிமைக்காக வந்த பட்டப்பெயர். எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தின் டைன்டேலில் இருந்து வந்த இந்த மாவீரனுக்கு மந்திரக் கவசம் உண்டு, ஆயுதம் துளைக்காது. சூலிஸ் விருந்துக்கு அழைத்து வஞ்சிக்க, தப்பியோடியவன் ஆற்றில் இடறி விழுகிறான். கவசத்தின் மந்திரம் தண்ணீரில் பலிக்காது. எழவிடாமல் ஈட்டிகளால் அழுத்தியே மூழ்கடித்துவிடுகிறார்கள். கோட்டைக்குச் சற்று மேற்கே, இடிந்த சிற்றாலயத்தின் அருகில் இருக்கும் நீண்ட மேட்டை அவன் கல்லறை என்கிறார்கள்.

ராம்சேயின் பட்டினி

இனி நடந்த மரணம்.

சூலிஸின் உடைமைகள் பறிமுதலான பிறகு கோட்டை பல கைகள் மாறியது. 1338இல் ஆங்கிலேயரிடமிருந்து அதைக் கைப்பற்றியவர் வில்லியம் டக்ளஸ். 'லிடெஸ்டேலின் வீரர்' என்றும் 'வீரத்தின் மலர்' என்றும் அவரைப் புகழ்ந்தார்கள். ஆங்கிலேயருக்கு எதிராக அவரோடு தோளோடு தோள் நின்று போரிட்டவர் டால்ஹௌசியின் அலெக்சாண்டர் ராம்சே. அவர் செய்தவை சாதாரணக் காரியங்கள் அல்ல. 1338இல் டன்பார் கோட்டையை ஆங்கிலப் படை ஐந்து மாதம் முற்றுகையிட்டபோது, இரவில் படகில் சில பத்து வீரர்களோடு கடல்வழியே புகுந்து உணவு கொண்டுபோய்க் கொடுத்துக் கோட்டையைக் காப்பாற்றியவர். 1342 ஈஸ்டரில் ராக்ஸ்பரோ கோட்டைச் சுவரில் ஏணி வைத்து ஏறி அதை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டவர்.

அந்த வெற்றியே அவருக்கு எமனானது. இளம் அரசர் இரண்டாம் டேவிட் மகிழ்ந்துபோய் ராம்சேயை ராக்ஸ்பரோவின் காவலராகவும் டெவியட்டேல் வட்டாரத்தின் ஷெரிஃபாகவும் நியமித்தார். அந்தப் பதவி தனக்கு உரியது என்றிருந்தார் டக்ளஸ். 1342 ஜூனில், ஹாயிக் தேவாலயத்தில் உட்கார்ந்து ராம்சே வழக்கு விசாரித்துக்கொண்டிருந்தபோது டக்ளஸ் ஆட்களோடு நுழைந்தார். பழைய தோழர்தானே என்று ராம்சே வரவேற்றார் என்கிறார்கள். அவரைக் காயப்படுத்தி, குதிரையில் கட்டி, ஹெர்மிட்டேஜுக்குக் கொண்டுபோய் நிலவறைக்குள் தள்ளினார்கள். சோறும் கொடுக்கவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. மேலே இருந்த தானியக் கிடங்கின் தளத்து விரிசல் வழியே உதிர்ந்த மணிகளைப் பொறுக்கித் தின்று 17 நாள் உயிரோடு இருந்தார் என்பது மரபு. பிறகு இறந்தார்.

போர்க்களத்தில் வெட்டிச் சாய்ப்பது அந்தக் காலத்துக்குப் புதிதல்ல. நீதி வழங்கிக்கொண்டிருந்த ஓர் அரச அதிகாரியைக் கோவிலுக்குள் புகுந்து பிடித்து, ஆளும் பேருமாக எல்லாருக்கும் தெரியும்படி பட்டினிபோட்டுக் கொல்வது அன்றைக்கும் மக்களை உலுக்கிய செயல்தான். அரசர் என்ன செய்தார்? கோபப்பட்டார். பிறகு மன்னித்தார். அதோடு நிற்கவில்லை, ராம்சேயிடமிருந்த ஷெரிஃப் பதவியையும் ராக்ஸ்பரோ கோட்டையையும் டக்ளஸிடமே கொடுத்தார். எல்லையைக் காக்க டக்ளஸ் தேவைப்பட்டார், அவரைத் தண்டிக்கும் வலிமை அரசருக்கு இல்லை. அரசன் அன்று கொல்லும் என்று நாம் சொல்லும் பழமொழி அங்கே பொய்த்துப்போயிற்று.

டக்ளஸின் முடிவு 1353இல் வந்தது. 1346இல் நெவில்ஸ் கிராஸ் போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, விடுதலைக்காக அவர்களோடு ரகசிய உடன்பாடு செய்துகொண்டு திரும்பியவரை, எட்ரிக் காட்டில் அவருடைய சொந்தக் குலத்தவரும் ஞானமகனுமான இன்னொரு வில்லியம் டக்ளஸ் கொன்றார். கொன்றவர் பின்னால் முதலாம் டக்ளஸ் ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) ஆகி ஹெர்மிட்டேஜையும் தன்வசமாக்கிக்கொண்டார்.

இப்போது சூலிஸ் கதையை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதில் கொடியவன் ஒருவன் இருக்கிறான், புகாரைக் கேட்கும் அரசர் இருக்கிறார், தண்டனை உண்டு, அதுவும் குடிகள் கையாலேயே உண்டு. ராம்சேயின் மரணத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கொடுமை செய்தவர் 'வீரத்தின் மலர்', அரசர் அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறார். நிலத்தில் கிடைக்காத நீதியை மக்கள் கதையில் வாங்கிக்கொண்டார்கள் என்று நான் படிக்கிறேன். பாவத்தின் பாரத்தால் கோட்டை மண்ணுக்குள் இறங்கியது என்ற நம்பிக்கைக்கும் இதே வேர்தான் இருக்க வேண்டும். குட்டிச்சாத்தானை ஏவியவன் செய்தான் என்று சொல்வது, நம்மை ஆளும் பெரிய மனிதர்கள் செய்தார்கள் என்று சொல்வதைவிட எளிது. பாதுகாப்பானதும்கூட.

கல்லும் கொள்ளையும்

நின்றுகொண்டிருக்கும் கட்டடத்துக்கு வருவோம். பட்டினி போட்ட டக்ளஸின் விதவை எலிசபெத், ஹியூ டேகர் என்ற ஆங்கிலப் பிரபுவை மணந்தார். நெவில்ஸ் கிராஸுக்குப் பிறகு இந்தப் பகுதி ஆங்கிலேயர் பிடியில் இருந்த காலம் அது. கோட்டையின் நடுவில் இருக்கும் மிகப் பழைய கற்பகுதி, சிறு முற்றத்தின் இருபுறமும் இரண்டு கட்டடங்களாக அமைந்த அரண்மனை வீடு, டேகருடையது. டக்ளஸ் ஏர்ல்கள் அதை விழுங்கியபடி உயரமான பெரிய கோபுரவீட்டை எழுப்பினார்கள். 1400ஐ ஒட்டி மூலைகளில் கோபுரங்கள் சேர்ந்தன.

கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு மூலைக் கோபுரங்களுக்கு நடுவே சுவர் உயரத்துக்குப் பிரம்மாண்டமான கூர்வளைவு ஒன்று திறந்து நிற்கிறது. படங்களில் இந்தக் கோட்டையை அடையாளம் காட்டுவது அதுதான். பார்ப்பவருக்கு ஏதோ அரக்கன் வீட்டு வாசல் போலத் தோன்றும். காரணம் முழுக்கத் தொழில்நுட்பம். கோட்டை உச்சியைச் சுற்றி வெளியே நீட்டிக்கொண்டு மரத்தாலான காவல்நடை ஒன்று ஓடியது. சுவரடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் எதிரியின் தலையில் அங்கிருந்து கல்லைப் போடலாம். கோபுரங்களுக்கிடையே சுவர் உள்வாங்கியிருந்தால் அந்த நடை அறுந்துவிடும். அதை ஒரே நேராகக் கொண்டுபோகத்தான் மேலே வளைவு கட்டி இரு கோபுரங்களையும் இணைத்தார்கள். மரம் போய்விட்டது. அதைத் தாங்கிய துளைகளின் வரிசை சுவரின் உச்சியில் இன்றும் தெரிகிறது. பீரங்கிக் காலம் வந்ததும் 16ஆம் நூற்றாண்டில் சுவரில் துப்பாக்கித் துளைகளும் வெட்டப்பட்டன.

இவ்வளவு முரட்டுத்தனம் எதற்கு? அந்த எல்லையில் 300 ஆண்டுகளுக்கு மேல் சட்டம் என்பது பேருக்குத்தான். இரு நாட்டுப் படைகளும் மாறிமாறிப் பயிரை எரித்துக்கொண்டே இருந்த நிலத்தில் உழுது வாழ முடியாது. நகர்த்தக்கூடிய சொத்து ஆடுமாடு மட்டுமே. ஆகவே ஆநிரை கவர்வதும் மீட்பதும் அங்கே வாழ்க்கைமுறை ஆயின. ஆர்ம்ஸ்ட்ராங், எலியட், நிக்சன், குரோசர் என்று குலம் குலமாக, இலையுதிர்காலத்தின் நீண்ட இரவுகளில், மாடுகள் கொழுத்திருக்கும் நேரம் பார்த்துக் குதிரையேறிப் போனார்கள். இவர்களை 'ரீவர்' என்பார்கள். எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயரை மட்டும் கொள்ளையடித்தார்கள் என்றில்லை. பகை இருந்தால் பக்கத்து ஸ்காட்டையும் விடவில்லை. வீட்டில் இறைச்சி தீர்ந்துவிட்டால் மனைவி சாப்பாட்டுத் தட்டில் குதிரைவீரனின் குதிமுள்ளை வைத்துக் கொண்டுவந்து நீட்டுவாளாம். புறப்படு என்று பொருள். மிரட்டிப் பணம் பறிப்பதற்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் 'பிளாக்மெயில்' என்ற சொல்லும் இந்த மண்ணில் புழங்கியதுதான். அதில் 'மெயில்' தபால் அல்ல, வாடகை அல்லது கப்பம்.

எல்லையின் இருபுறமும் கிழக்கு, நடு, மேற்கு என்று மூன்று மூன்று மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் அதிகாரியை நியமித்திருந்தார்கள். 1249இலேயே இரு நாடுகளுக்கும் பொதுவான எல்லைச் சட்டம் எழுதப்பட்டுவிட்டது. களவுபோன மாட்டை எரியும் புல்கட்டியை ஈட்டிமுனையில் குத்திப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டித் துரத்தலாம் என்ற உரிமைகூட வழக்கில் இருந்தது. லிடெஸ்டேல் மட்டும் எந்த மண்டலத்துக்கும் அடங்கவில்லை. அதற்கென்றே தனிக் காவலர் ஒருவரை நியமித்தார்கள். அவர் உட்காரும் இடம் ஹெர்மிட்டேஜ். இந்தச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பது ஸ்காட்லாந்து அரசர்களுக்கு ஓயாத தலைவலி. 1492இல் நான்காம் ஜேம்ஸ், இங்கிலாந்தோடு உறவாடிய ஆங்கஸ் ஏர்லிடமிருந்து ஹெர்மிட்டேஜை வாங்கி, ஹெப்பர்ன் குடும்பத்துப் பாத்வெல் ஏர்லிடம் கொடுத்தார். அந்தக் கைமாற்றம்தான் 74 ஆண்டுகள் கழித்து ஒரு ராணியை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

1566 அக்டோபர். நான்காம் பாத்வெல் ஏர்ல், ஜேம்ஸ் ஹெப்பர்ன், எலியட் குலத்தவரைப் பிடிக்கப் போன இடத்தில் 'சின்ன ஜாக்' எலியட்டோடு நேருக்கு நேர் மோதிப் பலமாகக் காயப்பட்டார். எலியட் மாண்டார். பாத்வெல்லைத் தூக்கிக்கொண்டு ஹெர்மிட்டேஜுக்கு வந்தால், உள்ளே அடைத்துவைத்திருந்த கைதிகள் கோட்டையைக் கைப்பற்றியிருந்தார்கள்! அவர்களை விடுவிப்பதாக உறுதி கொடுத்த பிறகுதான் சொந்தக் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. அப்போது ஜெட்பர் நகரில் எல்லை வழக்குகளை விசாரிக்க வந்திருந்த ராணி மேரி, ஒருநாள் குதிரையில் கிளம்பி வந்து, இரண்டு மணிநேரம்போலத் தங்கி, அன்றே திரும்பினார். போகவர 80 கிலோமீட்டருக்கு மேல், சதுப்புநிலம் வழியே. அவருக்கு வயது 23. மகன் பிறந்து நான்கு மாதம். வழியில் குதிரை சேற்றில் சிக்கிய இடம் இன்றும் 'ராணியின் சதுப்பு'. திரும்பியதும் காய்ச்சல் கண்டு, செத்துவிட்டார் என்றே நினைக்கும் அளவுக்குப் படுத்துவிட்டார்.

நான்கு மாதத்தில் ராணியின் கணவர் டார்ன்லி கொலையானார். 1567 மே மாதம் மேரி பாத்வெல்லையே மணந்தார். உடனே பழைய பயணத்துக்குப் புதிய பொருள் வந்துவிட்டது. காதலன் காயப்பட்டான் என்று கேட்டதும் பித்துப்பிடித்தவள்போல ஓடினாள் என்று எழுதினார் அவருடைய எதிரியான ஜார்ஜ் புகானன். நாட்கணக்கு அதை ஏற்கவில்லை. செய்தி தெரிந்து ஏறக்குறைய ஒரு வாரம், நீதிமன்ற வேலைகள் முடியும்வரை அவர் ஜெட்பரிலேயே இருந்தார். போனபோதும் தனியாகப் போகவில்லை. சகோதரர் மோரே ஏர்ல் முதலானவர்கள் கூடவே இருந்தார்கள். எல்லைப் பொறுப்பிலுள்ள படைத்தலைவர் காயப்பட்டுக் கிடக்க, ஆட்சியாளர் போய்ப் பார்த்துக் கலந்துபேசிவிட்டு வந்த பயணம் அது. பின்னால் நடந்ததை முன்னால் நடந்ததன் மேல் பூசிவிட்டார் புகானன். இதுவும் இந்தக் கோட்டையில் முளைத்த கதைதான். மக்கள் வாயில் பிறந்ததல்ல, படித்தவர் பேனாவில் பிறந்தது. ஒரு பெண்ணின் பெயரை 450 ஆண்டுகளாக அது இழுத்துக்கொண்டு திரிகிறது.

1594இல் கோட்டை பக்லூவின் வால்டர் ஸ்காட்டிடம் வந்தது (எழுத்தாளர் அல்ல, அவருக்கு 200 ஆண்டு மூத்தவர்). லிடெஸ்டேலின் காவலரான அவர்தான் 1596 ஏப்ரலில், இரு நாட்டாரும் சண்டையின்றிக் கூடி எல்லை வழக்குகளைத் தீர்க்கும் சமாதான நாளில் முறைமீறிப் பிடிக்கப்பட்ட கின்மண்ட் வில்லி ஆர்ம்ஸ்ட்ராங்கை ஆங்கிலேயரின் கார்லைல் கோட்டைக்குள் புகுந்து மீட்டுவந்து எலிசபெத் ராணியைக் கொதிக்கவைத்தவர். ஏழே ஆண்டில் எல்லாம் மாறியது. 1603இல் ஸ்காட்லாந்து அரசரே இங்கிலாந்துக்கும் அரசரானார். எல்லை என்பது நாட்டின் நடுப்பகுதியாகிவிட்டது. ரீவர் குலங்களைத் தூக்கிலிட்டும் நாடுகடத்தியும் ஒடுக்கினார்கள். காவல் காக்க எதுவும் இல்லாத கோட்டையில் கூரை விழுந்தது, யாரும் திரும்பப் போடவில்லை.

பயந்து ஒதுங்கிய இடமாக இருந்ததைப் பார்க்கப் போகும் இடமாக மாற்றியவர் எழுத்தாளர் ஸ்காட். 1792 முதல் ஆண்டுதோறும் லிடெஸ்டேலுக்கு வந்து பாடல்களைச் சேகரித்தார். அன்று அந்தப் பள்ளத்தாக்கில் வண்டி போகும் பாதையே கிடையாது. 1808இல் ஓவியர் ரேபர்ன் அவரை வரைந்தபோது பின்னணியில் ஹெர்மிட்டேஜ் இடம்பெற்றது. 1820ஐ ஒட்டிப் பக்லூ குடும்பத்தார் இடிந்துகொண்டிருந்த சுவர்களைப் பழுதுபார்த்தார்கள். இன்று வெளிப்புறம் இவ்வளவு முழுமையாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். 1930இல் கோட்டை அரசின் பராமரிப்புக்கு வந்தது.

சூலிஸ் கடைசியாக வெளியேறும்போது ரெட்கேப்பின் அறையைப் பூட்டி, சாவியை இடது தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்து, நான் வரும்வரை வைத்திரு என்றானாம். ஏழாண்டுக்கு ஒருமுறை அந்தக் கதவு திறக்கும் என்பார்கள். திறந்ததாகச் செய்தி இல்லை. ஆனால் வேறொரு அறை திறந்தது. ஸ்காட்டின் வாழ்நாளில், கோட்டையருகே கல்லுக்காகத் தோண்டிய கொத்தனார் ஒருவர் தற்செயலாக ஒரு நிலவறையை உடைத்துவிட்டார். உள்ளே நிறைய உமியும் சில எலும்புகளும் இரும்புத் துண்டுகளும் கிடந்தன. துண்டுகளில் ஒன்று பழைய குதிரைக் கடிவாளத்தின் பாகம். அது ராம்சேயுடையதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. இருக்கலாமே என்று ஸ்காட்டுக்குத் தோன்றியது. டால்ஹௌசி ஏர்ல், ராம்சேயின் வழித்தோன்றல், அப்போது உயிரோடு இருந்தார். ஸ்காட் அந்தக் கடிவாள இரும்பை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார்.